சனிக்கிழமை துரை வெட்டிய கரை

ஏரிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் பொறியாளர் என்னிடம் கேட்டார். கரைச் சரிவு, மண் வேலை, மதகுப் பலகை என்று நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் உங்கள் பாடப் புத்தகத்தில் என்னைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடைமழையில் கரைமேல் நிற்கும்போது கால் உதறல் எடுக்குமே, அந்த நேரத்தில் மனுஷன் என்ன செய்ய வேண்டும் என்பதை எந்தப் புத்தகத்திலும் போடுவதில்லை. அதை எனக்குக் காட்டிய ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவரோடு வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ளும்போது எனக்கு இந்த வயதிலும் கொஞ்சம் தலை நிமிர்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயரை எழுத மாட்டேன். கல்வெட்டில்கூடத் தன் பெயர் வேண்டாம் என்றவர் அவர். ஏரியின் பெயரையும் சொல்ல மாட்டேன். புதுச்சேரிக்குத் தெற்கே, பாகூர் கொம்யூன் வட்டாரத்து ஏரிகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கதையில் வரும் மிராசுதாரின் பேரன்மார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், எதற்கு வம்பு.

ஊரில் அவருக்குச் 'சனிக்கிழமை துரை' என்று பெயர். வெள்ளைக்காரர், ஆனால் பிரெஞ்சுக்காரர் இல்லை. வியன்னா நகரத்து யூதர். முதல் பெரிய சண்டையில் தன் நாட்டுப் படைக்காகக் குண்டு மழைக்கு நடுவே ஆற்றில் பாலம் போட்டுப் பதக்கம் வாங்கியவர். சண்டை முடிந்தபின் அங்கேயே ஆற்றுக் கரைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளராக இருந்தார். பதக்கம் கொடுத்த அதே ஊர் ஒருநாள், 'நீ யூதன், உனக்கு இங்கே வேலையும் இல்லை, வீடும் இல்லை' என்று வெளியே தள்ளியது. ஐம்பதை நெருங்கும் வயதில் ஒற்றைப் பெட்டியோடு கப்பல் ஏறி, பல துறைமுகங்களில் இடமில்லை என்று கைவிரிக்கப்பட்டு, கடைசியில் புதுச்சேரியில் இறங்கினார். முதலில் ஆலையில் பம்பு பழுது பார்த்தார். பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஏரி வேலைக்கு ஆள் போதாமல் போனபோது, தற்காலிகம் என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டு அவரை எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து இருபத்தாறு வயது. வில்லியனூரில் தங்கி, அங்கிருந்து பாகூர் வரைக்கும் ஏரிகளைச் சுற்றி வரும் ஓவர்சியர் வேலை. அவர் எனக்கு மேலதிகாரியானார்.

மற்ற துரைமார் தமிழை, மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி வாயால் பேசுவார்கள். இவர் வரப்பில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அதனால் அவர் தமிழ் பாகூர்த் தமிழாகவே வந்து சேர்ந்தது. நரைத்த மீசையும் சிவந்த முகமுமாக ஒருவர், "இன்னாபா, வூட்ல எல்லாம் சொகமா?" என்று கேட்கும்போது புதிதாகக் கேட்கிறவனுக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டம். எனக்கும் முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமைப் பெயர் எப்படி வந்தது என்றால், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து சனிக்கிழமை பொழுது சாயும் வரை அவர் வேலை செய்ய மாட்டார். பேனா தொட மாட்டார், அடுப்பு மூட்ட மாட்டார், வண்டி ஏற மாட்டார். அது அவர்கள் மார்க்கத்தின் விதி. நம் ஜனங்களுக்கு இது விசித்திரமாகவே படவில்லை. புரட்டாசிச் சனிக்கிழமை விரதம் இருந்து பழகியவர்கள்தானே. 'நாமெல்லாம் ஒரு மாசம் இருந்தா தொரை வருசம் பூரா இருக்காரு' என்று அவர்மேல் மரியாதை கூடிவிட்டது. ஒருவர் பெருமாள் கோயிலிலிருந்து துளசி கொண்டுவந்து நீட்ட, இவரும் இரண்டு கையாலும் வாங்கி, சமையல் பார்க்கும் பாக்கியத்திடம் கொடுத்து, "பத்திரமா வையி" என்றார். வந்தவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகத்தான்.

அடுத்த சண்டை வந்தது. அவருடைய நாட்டை ஜெர்மனி விழுங்கியிருந்ததால், காகிதப்படி அவர் ஜெர்மன்காரர் ஆகிவிட்டார். எவன் அவரை அடித்துத் துரத்தினானோ அவன் பெயரையே அவர் நெற்றியில் ஒட்டினார்கள். இதைவிடக் கொடுமை ஒன்றை நான் பார்த்ததில்லை. நல்லவேளையாக மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான், 'இவர்மேல் புகார் வராத வரைக்கும் வேலை பார்க்கட்டும்' என்று விட்டுவைத்தார். புகார் வந்தால் எதிரி நாட்டாரை அடைக்கும் முகாம்தான். பிரான்சு விழுந்து, நம் புதுச்சேரி தோற்காமல் போராடும் பிரெஞ்சுக்காரர் பக்கம் நின்றபோது, அந்தப் படையில் சேர இவர் மனுப் போட்டார். உமக்கு வயதாகிவிட்டது, ஏரியைப் பாரும் என்று பதில் வந்தது. "சரிபா, ஏரியப் பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே மதகுக்கு எண்ணெய் போட ஆள் கூப்பிட்டார்.

அந்த வருஷத்து ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஒரு சனிக்கிழமை காலை, சைக்கிளை உருட்டியும் மிதித்தும் நான் சொன்ன அந்த ஏரிக்குப் போய்ச் சேர்ந்தேன். கரையின் நடுப்பகுதியில் ஆட்கள் வைக்கோல் பிரியும் மண்ணுமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரைக்காவல் பார்த்த அய்யாக்கண்ணு இடுப்பளவு சேற்றில் நின்றார். கரையின் வெளிச்சரிவில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. குனிந்து கையில் ஏந்திப் பார்த்தேன், கலங்கல். பிள்ளைகளே, கசிவு தெளிந்து வந்தால் கரை வியர்க்கிறது என்று அர்த்தம். கலங்கி வந்தால் கரை கரைகிறது என்று அர்த்தம். அதற்குக் கீழே நேர் எதிரே ஒரு சேரியும் இரண்டு குப்பங்களும் இருந்தன.

"எப்பப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"விடியக்காலையிலயே பாத்துட்டோம் தம்பி."

"துரைக்குச் சொல்லியாச்சா?"

அய்யாக்கண்ணு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "இன்னா தம்பி பேசற. இன்னிக்கு சனிக்கெழம. சாமி காரியத்துல போயி வாய வெக்கலாமா? யாரும் தொரை வூட்டுப் பக்கம் போவக் கூடாதுன்னு ரோட்ல ஒரு ஆளயே நிறுத்தி வெச்சிருக்கேன். பொழுது சாஞ்சதும் சொல்லிக்கலாம்."

கோபப்படக்கூட முடியவில்லை. பயந்தோ சோம்பியோ மறைத்திருந்தால் திட்டலாம். இவர்கள் பக்தியால் மறைத்தார்கள். மேலே இருப்பவரிடம் கெட்ட செய்தியைச் சொல்லாமல் இருப்பதற்கு நம் ஊரில் ஆயிரம் காரணம் உண்டு, ஆனால் இப்படி ஒரு அழகான காரணத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அழகான காரணம் என்பதால் தண்ணீர் காத்திருக்குமா?

சைக்கிளைத் திருப்பினேன். ரோட்டில் நின்ற காவலாளைத் தாண்டிப் போனால், துரை வீட்டு வாசலில் பாக்கியம் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"தொரை செபத்துல இருக்காரு. நாளைக்கு வாங்க."

"நாளைக்கு ஏரி இருக்காது பாக்கியம்."

நான் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ஏரி என்ற சொல் அவர் காதுக்கு எத்தனை சுவர் தாண்டியும் போய்விடும். வெள்ளைச் சால்வையைத் தோளிலிருந்து எடுத்து மடித்தபடி வெளியே வந்தார். கசிவு எப்படி என்றார். கலங்கல் என்றேன். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. என் கையிலிருந்து சைக்கிளைப் பிடுங்கி ஏறி மிதித்தார். வண்டி ஏறாத விரதக்காரர் போய்விட்டார், நான்தான் பின்னால் சேற்றில் ஓடினேன்.

கரையில் அவர் கேட்ட முதல் கேள்வி, ஏன் எனக்குச் சொல்லவில்லை என்பது. அய்யாக்கண்ணு காரணத்தைச் சொன்னார். நான் அவரோடு இருந்த காலம் முழுவதும் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான். "உசுரு போவும்போது சனிக்கெழம கெடயாது அய்யாக்கண்ணு. எங்க சாமி அப்டிச் சொல்லல. இனிமே என்னிக்கா இருந்தாலும் வந்து கதவ ஒடை."

பிறகு கரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார். மழையில் ஒருவன் அப்படி நிதானமாக நடந்தால் பார்க்கிறவனுக்கு எரிச்சல் வரும், எனக்கும் வந்தது. அவர் பார்த்தது இது: மிகுந்த தண்ணீர் வழிந்தோட ஏரிக்குத் தென்கோடியில் கலிங்கல் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து போகும் ஓடையில் மிராசுதார் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரும்பு வைத்துத் தூர்த்துவிட்டார். தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஏரி நிரம்பி நடுக்கரையைத் தள்ளுகிறது. நடுவில் உடைந்தால் சேரியும் குப்பங்களும் போய்விடும். அதற்கு முன்னால் கலிங்கலுக்குப் பக்கத்தில், சரளை மண் இறுகிக் கிடக்கும் இடத்தில், நாமே கரையை வெட்டிவிட்டால் தண்ணீர் மிராசுதாரின் கரும்புக்குள் இறங்கும்.

வெட்டலாம் என்றார். ஒருவரும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

ஏரிக்கரையை வெட்டுவது என்றால் சும்மாவா. தாயின் வயிற்றைக் கிழிப்பதற்குச் சமம் என்று வளர்ந்தவர்கள். ஏரித் தண்ணீர் போனால் அவர்கள் சம்பாப் பயிரும் போகும். அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. சில வருஷங்களுக்கு முன் வேறொரு ஊரில் ஒரு அதிகாரி வாய்மொழியாக வெட்டச் சொல்லி, வெட்டியபின் நான் சொல்லவேயில்லை என்று கையைக் கழுவிவிட்டார். வெட்டின ஆட்கள் ஜெயிலுக்குப் போனார்கள்.

"கோவிச்சுக்காதீங்க தொரை," என்றார் அய்யாக்கண்ணு. "ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்துடுங்க. வெட்டிடறோம்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அன்று சனிக்கிழமை என்பது அப்போதுதான் மறுபடி அவர் நினைவுக்கு வந்தது.

நான் முன்னால் போனேன். "நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதி என் கையெழுத்தைப் போடுகிறேன்" என்றேன். விரதம் காப்பாற்றப்படும் என்பது ஒன்று. மிராசுதார் புகார் எழுதினால் முகாமுக்குப் போகப்போகிறவர் இவர், என்னை என்ன செய்துவிடுவார்கள் என்பது இன்னொன்று. உண்மையாகவே சொன்னேன்.

அவர் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார். மழை படாமல் என் குடையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே சொன்னார். அவர்கள் மார்க்கத்தில், ஓய்வு நாளில் ஓர் உயிரைக் காப்பாற்ற விதியை மீற வேண்டி வந்தால், மீறத்தான் வேண்டும். யோசித்துக்கொண்டு நிற்பதுதான் பாவம். அதையும் வேலைக்காரனையோ, சின்னவனையோ, வேறு மதத்தானையோ விட்டுச் செய்யச் சொல்லக் கூடாது. அங்கே இருப்பவர்களில் யார் பெரியவரோ அவரே முதலில் கை வைக்க வேண்டும். அப்போதுதான் அது சரி என்று மற்றவர்களுக்குத் தெரியும். "இங்க பெரியவன் நான்தாம்பா," என்று சொல்லி, கீழே முழுப்பெயரையும் போட்டு, காகிதத்தை அய்யாக்கண்ணு மடியில் செருகினார். முதல் வெட்டையும் அவரே வெட்டினார்.

கண்டபடி வெட்டவிடவில்லை. முழங்கால் ஆழம்தான். இரண்டு பக்கமும் பனந்துண்டுகளை அடித்துக் கல்லும் முள்ளும் வைத்துக் கட்டியபின்தான் தண்ணீரை விட்டார். திறந்த வாய் பெரிதாகாமல் இருந்தால்தான் மீதித் தண்ணீரைக் காப்பாற்றிப் பயிருக்குத் தர முடியும். பயத்தில் இருக்கிறவன் ஒன்று கை கட்டி நிற்பான், இல்லாவிட்டால் தேவைக்கு மேல் வெட்டுவான். இவர் இரண்டும் செய்யவில்லை. பொழுது இறங்கும் நேரத்தில் நடுக்கரைக் கசிவு தெளிந்துவிட்டது. அதைக் கையில் ஏந்தி எல்லோருக்கும் காட்டினேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மிராசுதார் குடை பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கரும்பு கழுத்தளவு தண்ணீரில் நின்றது. "யாரக் கேட்டுடா வெட்டினீங்க?" என்று ஆட்களைப் பார்த்துக் கத்தினார். "அவுங்களக் கேக்காதீங்க, நான் வெட்டினேன்," என்றார் இவர்.

அவர் மேலிடத்துக்கு எழுதிய புகாரில் கரும்பைப் பற்றி ஒரு வரிதான் இருந்ததாம். மீதி எல்லாம், சண்டைக் காலத்தில் ஒரு ஜெர்மன்காரன் வேண்டுமென்றே நம் ஏரியை உடைத்தான் என்று. விசாரணைக்கு ஆணை வந்தது. புதுச்சேரியில், சனிக்கிழமை காலை. நாள் குறித்தது யார் யோசனை என்று எனக்குத் தெரியாது. மிராசுதாரின் வக்கீலுக்குத் தெரிந்திருக்கலாம்.

வேறு நாள் கேட்டு இவர் எழுதினார். பதில் இல்லை. வெள்ளிக்கிழமை நான் அவரிடம் கெஞ்சினேன். அன்றைக்கு மீறினீர்களே, இன்றைக்கும் மீறுங்கள் என்றேன்.

"அன்னிக்குப் போவ இருந்தது ஊரு. நாளைக்குப் போனா என் வேலதானே போவும்."

"வேலை மட்டுமா? முகாம்."

"தெரியும்," என்றார். அதற்கு மேல் பேச இடம் கொடுக்கவில்லை. பிடிவாதக்கார மனுஷன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். பாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் சாட்சியாக நான் தனியே போனேன். விசாரணைக் கட்டிடத்தின் முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. பாக்கியம் சேதி சொல்லி, சேரியும் குப்பங்களும் இருட்டோடு கிளம்பி நடந்தே வந்திருந்தன. மிராசுதாரின் வயலிலேயே கரும்பு வெட்டும் ஆட்களும் அதில் இருந்தார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை. அய்யாக்கண்ணு மட்டும் என்னோடு உள்ளே வந்தார்.

விசாரணை அதிகாரி வயதான பிரெஞ்சுக்காரர். சம்பந்தப்பட்டவர் எங்கே என்றார். நான் பதில் சொல்ல எழுந்தேன். மிராசுதாரின் வக்கீல் முந்திக்கொண்டார். அரசாங்கம் அழைத்தும் வராதவனுக்கு இந்த அரசாங்கத்தின்மேல் எவ்வளவு விசுவாசம் என்று இதிலிருந்தே தெரிகிறதே என்றார்.

அய்யாக்கண்ணு தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தார்.

"அவரு வரமாட்டாருங்க. இன்னிக்கு சனிக்கெழம. எங்களுக்கோசரம் ஒரு சனிக்கெழமய வுட்டாரு, எங்க புள்ளங்க உசுரு நின்னுச்சு. இன்னிக்கு இங்க யாரு உசுரு போவுதுன்னு அவரு ரெண்டாவது தபா வுடணும்?"

துபாஷி ஒரு சொல்லையும் விழுங்காமல் பிரெஞ்சில் சொன்னார். அதிகாரி காகிதத்தை எடுத்துப் படித்தார். ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"திங்கட்கிழமை," என்று எழுந்துவிட்டார்.

திங்கட்கிழமை விசாரணை சீக்கிரம் முடிந்தது. இந்த உத்தரவு உங்களை எங்கே கொண்டுபோகும் என்று எழுதும்போதே தெரியுமா என்று அதிகாரி கேட்டார். தெரியும் என்றார் இவர். பிறகு ஏன் பெயர் போட்டீர்கள்? நான் போடாவிட்டால் வெட்டியவர்கள் ஜெயிலுக்குப் போவார்கள் என்றார். புகார் தள்ளுபடி ஆயிற்று. கலிங்கல் ஓடையில் கரும்பு வைக்கக் கூடாது என்று மிராசுதாருக்கு உத்தரவும் ஆயிற்று. பின்னாளில் இவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையும் கிடைத்தது. அவர் கட்டிய புதுக் கலிங்கல் இன்றுவரை ஒரு கல் நகராமல் நிற்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போகும்போது நின்று பாருங்கள், அது போதும்.

அந்தத் திங்கட்கிழமை அதிகாரி கோப்புகளை மூடிவிட்டுக் கொஞ்சம் கனிவாகவே ஒரு கேள்வி கேட்டார். சண்டை முடிந்ததும் எந்த நாட்டுக்குப் போக உத்தேசம் என்று. இவர் அன்றைக்குத்தான் மழை விட்டிருந்த வெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்ததோ இல்லையோ, என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"வண்டி பூட்டியாச்சாபா? இன்னிக்கே போயி வெட்டின எடத்த அடச்சாத்தான் நம்ம பயிருக்குத் தண்ணி மிஞ்சும்."

துபாஷி அதையும் அதிகாரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னார். வண்டி பூட்டியே இருந்தது.